ஷூ பெட்டியில் போகும் புத்தகங்கள்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை

கிரேஸி அப்பாவுக்கு எப்சி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் கிரேஸியும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் பதில் வர வழியில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

போனில் ஒழுங்காகப் பேசி எத்தனை நாள் ஆகிறது! ‘ஹலோ’ என்று உங்கள் குரல் வரும், அடுத்த வார்த்தைக்குள் கட்டாகிவிடும். கம்பெனி ஆபீஸில் போய்க் கேட்டால், அங்க நெட் இல்லம்மா, எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க என்கிறார்கள். நல்லா இருக்கிறவர்களை எதற்கு எத்தியோப்பியாவிலிருந்து அவசரமாகக் கூட்டி வருகிறார்களாம்? ஷூ வேலை கற்றுக்கொடுக்கப் போனவர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களை அழைத்து வர, கம்பெனி சார்பில் பரணிதரன் சார் திங்கட்கிழமை அங்கே வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அங்கே உங்கள் ஃபாக்டரி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து பிள்ளைகள் ஒரே இங்கிலீஷ் புத்தகத்தில் தலையை நுழைத்துப் படிக்கிறார்கள் என்று நீங்கள் சொன்ன வாரமே, புத்தகம் வேண்டும் என்று சபையில் அறிவித்துவிட்டோம். முனவ்வர் பேகம் அக்கா தன் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கேட்டது இங்கிலீஷ் கதைப் புத்தகமும் பாடப் புத்தகமும்; வந்ததில் பழைய கைடும், பாதி எழுதிய நோட்டும், ஒரு சமையல் புத்தகமும்கூட இருந்தன. கழித்தது போக நல்ல புத்தகமே ஜாஸ்தி.

கோளாறு பேக்கிங்கில்தான். கம்பெனி கன்டெய்னரில் இடம் தந்தார்கள், ஷூ அனுப்புகிற அட்டைப்பெட்டியும் தந்தார்கள். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் லீவு நாளில் உதவிக்கு வந்தார்கள். கிரேஸிக்குக் காய்ச்சல் என்று நான் ஆஸ்பத்திரி போய்த் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் கட்டி டேப் ஒட்டிவிட்டார்கள். எப்படி என்கிறீர்கள்? சைஸ் பார்த்து! பெரியதோடு பெரியது, சின்னதோடு சின்னது. ஒன்றாம் வகுப்புப் படப் புத்தகமும் எட்டாம் வகுப்பு அறிவியலும் ஒரே பெட்டியில். நடுவே டிஷ்யூ பேப்பர், ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் வேறு. பெட்டி மேலே சைஸ் நம்பரும் எழுதியிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா? மறுபடி பிரித்து வகுப்புவாரியாக அடுக்கி முடிப்பதற்குள் போன மாதக் கன்டெய்னர் கிளம்பிப் போய்விட்டது.

போனால் போகட்டும், அடுத்ததில் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். நேற்று கோபி வந்து இறங்கினார். உங்களோடு ஒரே அறையில் இருந்தவர் வந்துவிட்டார், நீங்கள் எங்கே என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பஸ் வந்து நின்னப்போ ஏசுராஜ் அண்ணன் ஏற மாட்டேன்னுட்டாரு அண்ணி, புக்கு வந்து சேரட்டும், என் கையால குடுத்துட்டு வர்றேன்னாரு என்றார். அங்கே சுடுகிற சத்தம் கிட்டவே கேட்கிறது என்றும் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பெட்டிகளை எல்லாம் இழுத்துத் தெருவில் போட்டுவிடலாம் என்று கோடவுனுக்கே ஓடினேன். நான் அலைந்து சேர்த்த புத்தகமே உங்களை அங்கே பிடித்து வைத்திருக்கிறதே! பின்னாலேயே ஓடிவந்த முனவ்வர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் புள்ளைங்க இன்னா பண்ணுச்சு எப்சி, புக்கு போவட்டும், நீ உன் வூட்டுக்காரரை வரச் சொல்லு என்றார்.

ஒவ்வொரு பெட்டியிலும் உங்கள் பெயர்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு, அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். கன்டெய்னர் நாளை கிளம்புகிறது. கப்பலில் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். பெட்டியை வாங்கி வைக்க உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இங்கே வந்து என் எதிரில் நின்று கோபித்துக்கொள்ளுங்கள். பரணிதரன் சார் ஏறுகிற வண்டியில் நீங்களும் ஏறிவிடுங்கள். கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். புத்தகம் என்றால் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிவிட்டோம். கிரேஸிக்கு அப்பாவை நான் எந்த வீட்டில் போய்க் கேட்பேன்?

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் எப்சி