எமிலின் மூன்று நிமிடம்

தம்பிக்கு,

உன் அத்தான் அடக்கத்துக்கு உன் சூழல் அமைப்பு அனுப்பிய மலர்வளையத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எமிலுக்கு அதிலிருந்து ஒரு பூகூட வேண்டாம்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான். எங்கள் காற்றைக் கெடுக்கும் ரசாயன ஆலையின் விரிவாக்கத்தை எதிர்த்துப் பேசுவாய் என்று நம்பி, இந்த லூசியானா ஆற்றோரமே தன் நேரத்தை உனக்கு விட்டுக்கொடுத்தது. ஆக்ஸிஜன் குழாயோடு எமில் எழுந்து, "என் நேரத்தையும் மச்சானுக்கே குடுத்துடுங்க. நான் பேசினா பாதியிலயே மூச்சு நின்னுரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான்.

அத்தனையையும் வாங்கிக்கொண்டு நீ என்ன பேசினாய்? வடக்கே சதுப்புநிலத்தைக் காப்பாற்ற அரசு ஒப்புக்கொண்டதால், இந்த ஆலையை உங்கள் அமைப்பு எதிர்க்காது என்றாய். கொக்குக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு எங்களைக் கைகழுவினாய். வாசலில் மறித்துக் கேட்டதற்கு, "பாலிசின்னா அப்படித்தான்க்கா, கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்" என்றாய். எதை விட்டுக்கொடுத்தாய்? உன் வாஷிங்டன் வீட்டுக் காற்றையா?

அடுத்த கூட்டத்தில் பேசப் பெயர் கொடுக்கப் போனேன். எமிலின் நிமிடங்களையும் எனக்கே தரச் சொன்னேன். "விட்டுக்கொடுக்கிறவங்க நேர்ல வரணும்மா" என்றாள் அங்கிருந்த பெண்.

நீ வா. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, உன் நேரத்தை எனக்கு விட்டுக்கொடு.

உன் அக்கா