படியிறங்கிய கருவாட்டு வாசம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை ஞாயிற்றுக்கிழமை வறுத்தேன். எங்கள் பவானிபூர் கட்டடத்தில் கீழ்வீட்டு குஜராத்திக் குடும்பம் சுத்த சைவம். டோக்ளா செய்தால் எனக்கும் கொடுத்தனுப்புகிற நல்ல மனிதர்கள்தான். ஆனால் வாசம் படியிறங்கியதும் கோபமாக மேலே வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு வங்காளி ஷிப்ரா பௌதியும் (பௌதி என்றால் இங்கே அண்ணி) கருவாடு சமைப்பவர் என்பதால் அவர் கதவைத்தான் தட்டினார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு என் கதவுக்குப் பின்னால் நின்றேன். "நான்தான் வறுத்தேன், மன்னிச்சுக்கோங்க" என்று பௌதி சொன்னது தெளிவாகக் கேட்டது. அப்போதும் நான் வெளியே போகவில்லை.

சாயங்காலம் பௌதி கிண்ணத்தோடு வந்தார். "திட்டு வாங்கினது நான். என் பங்கு எங்கே?" என்று சிரித்தார்.

கொடுக்க ஒன்றுமில்லை அம்மா. பயத்தில் மொத்தத்தையும் குப்பையில் கொட்டியிருந்தேன்.

இன்னும் கொஞ்சம் அனுப்புவாயா? பௌதிக்கும் சேர்த்து அனுப்பு. கீழ்வீட்டுக்குக் கொடுக்க முறுக்கும் வை. மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது. இந்தத் தடவை வறுப்பதற்கு முன்பே கீழே போய், இது என் அம்மா அனுப்பியது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

கல்பனா