வறுத்த மண்ணில் முளைத்தவை

வியாழக்கிழமை. நாள் முழுக்க மழை.

தேயிலையைக் கைவிட்ட மேல்மலையில் இனி எங்கள் ஆடு மேயக் கூடாதென்று தோட்டத்து பீல்ட் ஒபிசர் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து சொன்னார். அங்கே காடு வளர்க்கப் போகிறார்களாம்.

"ஆடு வாய் வச்ச எடத்துல ஒன்னும் மொளைக்காதும்மா. வத்தேகம சந்தையில வித்துருங்க."

நான் உள்ளே போய் ஒரு தயிர்ச்சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். தடை வரும் என்ற பேச்சு கேட்டபோதே, மேல்மலையில் மேய்ந்த ஆடுகளின் புழுக்கையை மண்ணில் கலந்து வைத்த சட்டி. கொய்யாக் கன்றும், பெயர் தெரியாத நாலைந்து செடிகளும் நின்றன.

"மண்ணுலயே வெதை இருந்திருக்கும்."

இரண்டாவது சட்டியையும் எடுத்து வைத்தேன்.

"இதுவும் அதே மண்ணுதாங்க. உள்ள இருக்கிற வெதை சாகட்டும்னு ரெண்டையும் புட்டு மாவு மாதிரி வறுத்தேன். இதுல புழுக்கை போடல. ஏதாச்சும் மொளைச்சிருக்கா, பாருங்க."

மண்ணை வறுத்தபோது என்னைப் பைத்தியம் என்ற என் வீட்டுக்காரர் குனிந்து இரண்டு சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒபிசர், "மேய்ஞ்சா புடிச்சுக் கட்டிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆடு இளங்கன்றைக் கடிப்பதும் உண்மைதான். சட்டியில் முளைத்ததில் ஒன்று முள்ளுச்செடி. அதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

நாளைக்கும் ஆடுகளை மேல்மலைக்குத்தான் ஓட்டுவேன், ஒபிசர் வீட்டு வாசல் வழியாக. போகிற வழியில் புழுக்கை போட்டால் போடட்டும். அங்கேயும் ஏதாவது முளைக்கும்.