நல்லா இருக்கேனுங்க

ஏனுங்க மாமா,

பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டேன். பதில் வராது என்று தெரிந்தும் சமையற்கட்டிலிருந்து தினமும் இப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நீங்கள் போனபிறகு ரொம்ப நாள் நான் அழவில்லை. பல்லடமே அதைப் பற்றித்தான் பேசுகிறது. தறி ஓடுகிறது, காய் வாங்குகிறேன், சோறும் இறங்குகிறது. உள்ளுக்குள் மரத்துக் கிடந்தேன், அவ்வளவுதான்.

ஒரு சேதி. உங்கள் முழங்கால் வலிக்குப் புது மாத்திரை கொடுத்துச் சோதித்துப் பார்த்தாரே, அந்தக் கோயம்புத்தூர் டாக்டரம்மா நம்ம வீட்டுக்கு வந்திருந்தார். அப்போது இன்னும் பல பேர் அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சினேகமான உடுமலை ராசப்பண்ணனும்தான். நீங்கள் ரத்த வாந்தி எடுத்துப் போனது மாத்திரையாலா, பழைய வயிற்றுப்புண்ணாலா என்று டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டியிருந்ததாம். கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கேனுங்க என்றுதான் சொன்னீர்களாம்.

வேறென்ன சொல்லியிருப்பீர்கள்? அந்த டாக்டர்ப் பெண்ணுக்கு இளநீர் சுமந்துகொண்டு போன ஆளாயிற்றே. வீட்டில் மட்டும் வயிறு எரிகிறது என்று குப்புறப் படுத்துக்கொள்வீர்கள். மோர்ச்சோறு தவிர எதையும் தொடமாட்டீர்கள். டாக்டரிடம் சொல்லித் தொலையுங்கள் என்று நான் கத்தினால், "பாவம், அந்தப் புள்ள மொகம் வாடிப்போயிரும் அம்மணி" என்பீர்கள். உங்கள் மரியாதையில் இடி விழ! இப்போது கோபம்கூடப் பாதிதான் வருகிறது.

எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். மாத்திரை தொடங்கியபிறகுதான் எரிச்சல் வந்தது என்றேன். வெளிக்குக் கறுப்பாகப் போனதையும் சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் வெட்கப்பட்டு எழுந்து போயிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, அவர் ஏன் சொல்லவில்லை என்றார் டாக்டரம்மா.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருக்கீங்க கண்ணு. அதுக்கு எங்கூர்ல வேற பதில் இல்லீங்க. வயிறு எரியுதான்னு கேட்டிருந்தா சொல்லிப்போட்டிருப்பாருங்க" என்றேன்.

அவரும் நம்ம பக்கத்துப் பெண்தான். எங்கள் அப்பாவும் இப்படித்தான் என்று மெல்லச் சொன்னார். காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து எஸ்.டி.டி. பூத்துக்கு டாக்டரம்மாவின் போன் வந்தது. வயிறு எரிகிறதா, கறுப்பாகப் போகிறதா என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். பலருக்கு இருந்ததாம். ராசப்பண்ணனுக்கும் இருந்ததாம், அவரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். எல்லோருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். உங்கள் சாவுக்கு மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றே எழுதி அனுப்பியிருக்கிறார். ராசப்பண்ணன் பிழைத்துக்கொண்டார், மாமா. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால் தெரியவில்லை.

போனை வைக்கும் முன் அந்தப் பெண் கேட்டார்: "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்கேனுங்க" என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. வீடு வந்து சேர்ந்தபிறகுதான் அழுதேன், தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த தடவை யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லாததையும் சேர்த்து. இது உங்கள்மேல் சத்தியம்.

நல்லா இல்லாத,
உங்கள் அம்மணி