மச்சானின் ஏரிப் பாசம்

கார்த்திகை 7, ஞாயிறு

என் மனைவியின் அண்ணன் குமாருக்குத் திடீரென்று இயற்கைமேல் காதல் வந்துவிட்டது. காலையில் என்னை அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு இழுத்துப்போய், வீடியோ எடுக்கச் சொல்லி செல்போனைக் கையில் கொடுத்தான். புதுச் சட்டை, கூலிங் கிளாஸ் வேறு. தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டு, “இந்த ஏரி நமக்குத் தாய் மாதிரி மக்களே” என்று குரல் தழுதழுக்கச் சொன்னான்.

நான்காவது தடவை எடுக்கும்போது அவனுடைய கழிவுநீர் லாரியே அங்கு வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினான். “அண்ணாத்தே, லோடு ஃபுல்லா கீது. எப்பவும் ஊத்துற எடத்துலயே ஊத்திடவா?”

“பத்து நிமிசம் இருடா, வீடியோ எடுத்துகினு கீறோம்ல? இன்ஜினை ஆஃப் பண்ணு” என்றான் குமார். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரைவரிடம் போய், “எவன் வீட்டு நாத்தத்தைய்யா இங்க கொண்டாந்து கொட்டுறே?” என்று கத்தினேன்.

அவன் சிரித்தான். “இன்னா சார், நேத்து சாயங்காலம் உங்க ஊட்ல எடுத்ததுதான்.”

ஐந்தாவது தடவையும் நான்தான் போனைப் பிடித்தேன். கை ஆடவே இல்லை.