சப்ரினுக்கு ரெக்கவரியாம்

நவம்பர் 9

இல்லை, பைத்தியமெல்லாம் இல்லை. சைக்கிள் ஓட்டி முடித்ததும் ஐஸ் தண்ணீரில் உட்கார்வது ஒரு முறை. தசை வலி குறையுமாம். பயிற்சியாளர் செல்லப்பாண்டி சென்னையிலிருந்து குரல் அனுப்புகிறார்: “ஓட்டுறது பாதிதாம்மா. மீதி ரெக்கவரி.” கொடைக்கானல், நவம்பர், பீப்பாய்க்குள் நான். ஐஸ் கேட்டதற்கு அம்மா குழாயைத் திறந்துவிட்டாள். “இதுக்கு மேல குளிரு வேணும்னா மொட்டை மாடியில போய்ப் படு.”

அடுத்த மாதம் போட்டி. பழனியிலிருந்து கொடைக்கானல் வரை, முழுக்க ஏற்றம். முதலில் வருகிறவளுக்கு மாநில அணியில் இடம். போன வருடம் சுசித்ராவின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். என் வயதுப் பிரிவில் எனக்கு இதுதான் கடைசி வருடம்.

நவம்பர் 12

வெறும் வயிற்றில் ஓட்டும் முறை.

“நோன்பா? என்ன நிய்யத்து, எதை நெனச்சு வைக்கிறே?” என்றாள் அம்மா.

“கொழுப்பு கரையணும்மா.”

“அந்த நிய்யத்துக்கெல்லாம் நோன்பு கெடையாது.”

பெருமாள்மலையில் கண் இருட்டியது. டீக்கடையில் மலைவாழைப்பழம், ஒரு சீப்பு. முறை முடிந்தது.

நவம்பர் 14

வாயில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தூங்குவது. மூக்கு வழியாக மட்டும் மூச்சு. அத்தாவுக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. பகலிலும் எனக்கு ஒட்டிவிடலாமா என்று விசாரித்தார்.

நவம்பர் 15

சளி. மூக்கடைப்பு.

நவம்பர் 18

எங்கள் மளிகைக் கடைப் பக்கம் என்னைக் காணோமே என்று யாரோ கேட்க, அம்மா சொல்லியிருக்கிறாள்: “சப்ரினுக்கு ரெக்கவரி நடக்குது.” நான் சொல்லிக்கொடுத்த சொல்தான். ஆனால் எங்கள் பஜாரில் அதற்கு இரண்டே அர்த்தம். தவணை கட்டாத வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது. அல்லது ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பது. சைக்கிள் வாசலில் நிற்கிறது. ஆகவே ஆபரேஷன்.

பூம்பாறையிலிருந்து எங்கள் கடைக்குப் பூண்டு ஏற்றிவரும் சக்திவேல் அண்ணன் பிரெட்டும் ஹார்லிக்ஸுமாக வந்து நின்றார்.

“எங்க தாயி ஆபரேஷன்?”

“ஆபரேஷன் இல்லண்ணே. சைக்கிள்.”

“விழுந்திட்டியா?”

“விழலை. ஓட்டினேன்.”

“ஓட்டினதுக்கேவா?” குரல் உடைந்துவிட்டது அவருக்கு.

நவம்பர் 21, வெள்ளி

தொழுகை முடிந்து பள்ளிவாசலில் எனக்காக துஆ. அத்தாவும் ஆமீன் சொல்லியிருக்கிறார். “எல்லாரும் சொல்றப்ப நான் மட்டும் வாயை மூடிட்டு நிக்கிறதா?”

நவம்பர் 26

மறுப்பதை நிறுத்திவிட்டேன். ஊரே சொல்வதால் எனக்கு ஏதோ இருக்கிறதென்று அம்மாவும் நம்பிவிட்டாள்.

கடை இல்லை. மூட்டை இல்லை. பாத்திரம் இல்லை. கட்டிலுக்கே ஆட்டுக்கால் சூப். பகலில் தூங்கினால் தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. விடியுமுன் யாரும் பார்க்காமல் ஓட்டிவிட்டு வந்து படுக்கிறேன். மலை இளகிவிட்டது. இத்தனை சோதனையில் பலித்தது இது ஒன்றுதான் — நோயாளியாக இருப்பது.

செல்லப்பாண்டி கேட்கிறார், என்ன முறை இது? இதற்கு நான் என்ன பெயர் வைப்பது? பொய்?

‘ஓய்வு’ என்று எழுதி அனுப்பினேன்.

டிசம்பர் 7

பெருமாள்மலை தாண்டியபோது நான்தான் முன்னால். திரும்பிப் பார்த்தேன். சுசித்ரா இல்லை. கால் கால்போலவே இல்லை, அவ்வளவு லேசு. வாய் மட்டும் பிளந்து கிடந்தது.

போட்டிக்காகச் சாலையை அடைக்கவில்லை. பின்னால் ஹாரன். தெரிந்த ஹாரன்.

“அய்யய்யோ, நம்ம பாப்பா! இந்த ஒடம்போட இதெல்லாம் ஒனக்கு எதுக்கு?”

போங்கண்ணே, தொடாதீங்க — என்று கத்தினேன். காற்றுதான் வந்தது. சக்திவேல் அண்ணன் வண்டியை முன்னால் நிறுத்தினார், குதித்தார், ஓடிவந்து சீட்டைப் பிடித்துத் தள்ளினார். வளைவு முடியும்வரை. ரொம்ப நன்றாகத் தள்ளினார். பின்னாலேயே நடுவர் ஜீப்.

முடிவுக்கோட்டை முதலில் தொட்டது நான். பெயரை அடித்துவிட்டார்கள். காரணம்: வெளியாள் உதவி.

என்னத்தச் சொல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்னு ஒரு வார்த்தை — ஒரே வார்த்தை — அன்னிக்கே அவர்ட்ட அழுத்திச் சொல்லியிருந்தா?

டிசம்பர் 8

அணியில் சுசித்ரா.

டிசம்பர் 10

சக்திவேல் அண்ணன் பஜார் முழுக்கச் சொல்லிவருகிறாராம்: “நா மட்டும் ஒரு கை குடுக்கலைன்னா அந்தப் புள்ள மேல வந்து சேந்திருக்காது.” மலையே ஏறிவிட்டதால் நான் குணமாகிவிட்டேன். அம்மாவுக்குக் கண்ணீர். “துஆ கபூலாயிருச்சு, அல்லா ஏத்துக்கிட்டான். வெரசாக் கெளம்பு, கடையில சோலி கெடக்கு.”

முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாமென்று போனேன். மார்க்கெட்டில் வண்டிக்குள் சாய்ந்திருந்தார். தோளில் வலி எண்ணெய் வாசனை.

“அன்னிக்குத் தள்ளுனதுல புடிச்சிக்கிருச்சு தாயி,” என்றார் பெருமையாக. “இப்ப எனக்கு ரெக்கவரி.”

வீட்டுக்குத் திரும்பி, பிரிக்காமலிருந்த ஹார்லிக்ஸை எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தேன். பிறகு கடைக்குப் போய்ப் பூண்டு நிறுத்தேன்.