பெரியவரின் பெட்டியும் அண்ணனின் காதும்

மார்ச் 4, புதன்

அண்ணனின் பெட்டி போய்விட்டது. அவன் வாசிக்கும் அரங்கத்தின் சாமான் அறையில் மேலே ஓடும் தண்ணீர்க் குழாய் வெடித்து அதன் தலையிலேயே கொட்டியிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஈரத்தோடேயே சுவிட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் கருகி, வயரெல்லாம் வெந்து, கறுப்புப் பசை உருகி... மூடியைத் திறந்ததும் குடலைப் பிடுங்கும் நாற்றம்.

பெரியவர் தன் கையாலேயே அண்ணனுக்குச் செய்துகொடுத்த கிட்டார் ஆம்ப், சத்தத்தைப் பெருக்கும் பெட்டி அது. அவர் வாழ்நாளில் செய்ததே கொஞ்சம். உள்ளே என்ன இருக்கிறதென்று எவரும் பார்த்துவிடக் கூடாது என்று முக்கியமான பாகங்கள்மேல் கறுப்புப் பசையை ஊற்றி மூடிவிடுவார். அவர் போனபிறகு அந்தப் பசையைச் சுரண்டிச் சுரண்டித்தான் நான் தொழில் கற்றேன். அவருடைய பெட்டிகளை அச்சு அசலாக நகலெடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அரங்கத்தின் ஒலிக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் கார்பன். கார்பன் காப்பியின் கார்பன். அவருக்கு அது கேலி, எனக்குப் பெருமை.

அண்ணன் பட்டறைக்குள் வரவே இல்லை. வாசலில் நின்றபடி சொன்னான்: “அதே மாதிரி பண்ணிக் கொடு. ஒரு நூல் கூடப் பிசகக் கூடாது.”

“இதை என்கிட்டயா சொல்றே?” என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

பசையைச் சுரண்டி முடித்தேன். தெரிந்த மாடல்தான், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். ஒரே ஒரு ரெசிஸ்டர் மட்டும், இதே மாடலின் மற்ற பெட்டிகளில் இருப்பதைவிட வேறு மதிப்பில் இருக்கிறது. ஏன்? தெரியவில்லை. ஏன் என்று கேட்பது என் வேலையும் இல்லை. அதே மதிப்பில் ஒன்றைத் தேடி எடுத்துவைத்தேன்.

பெரியவர் ஒரு மூலையில், பற்றவைக்கும் ஈயத்தைச் சளி மாதிரி வழியவிட்டிருப்பார். நானும் அதே மூலையில் அதே மாதிரி வழியவிடுவேன். பார்க்கச் சகிக்காது. இருந்தாலும் வழியவிடுவேன்.

மார்ச் 22, ஞாயிறு

அண்ணன் வந்து வாசித்தான். எனக்குப் புல்லரித்தது. அப்படியே அதே பெட்டி. அவன் முகத்தைப் பார்த்தேன்.

“இது இல்ல.”

“என்ன இல்ல?”

“மேல ஒரு பளபளப்பு இருக்கும்ல, தண்ணியில வெயில் பட்ட மாதிரி. அது இல்ல. கம்பளிக்குள்ள வெச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு.”

வாயைத் திறந்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

மார்ச் 27, வெள்ளி

பெட்டியின் கண்ணாடி வால்வுகளை மாற்றினேன். இல்லையாம்.

ஏப்ரல் 2, வியாழன்

டிரான்ஸ்ஃபார்மரை வேறொருவரிடம் கொடுத்துப் புதிதாகக் கம்பி சுற்றி வாங்கினேன். இல்லையாம். ஸ்பீக்கரையும் மாற்றினேன். அதுவும் இல்லையாம். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. இத்தனை வருஷம் நான் செய்துகொடுத்த நகல்கள் எல்லாமே இப்படித்தானா? வாங்கியவர்களெல்லாம் என் முகத்துக்காகச் சும்மா இருந்தார்களா?

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவரிடம் பெரியவரின் அசல் பெட்டி ஒன்று இருக்கிறது. அதே மாடல். கிளினிக்கின் பின்னறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, துடைக்கத் தெரியும். கெஞ்சிக் கேட்டு, விடுமுறை நாளாகப் பார்த்து என் பெட்டியையும் அங்கே கொண்டுபோனேன். இரண்டையும் ஒரு போர்வைக்குப் பின்னால் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் அண்ணனை மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னோம்.

வாசித்துவிட்டு, “ரெண்டுமே நகல்தான்” என்றான்.

பல் டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. “என்னுதா? என்னுது நகலா?” என்று போர்வையை விலக்கித் தன் பெட்டியை நலம் விசாரிப்பதுபோல் தடவிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனசுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. அப்படியானால் என் நகலில் தப்பில்லை.

அப்போதுதான் பக்கத்து அறையில் கருவிகளைச் சுத்தம் செய்யும் மெஷின் வேலையை முடித்துக் கத்தியது. பீப், பீப் என்று காதைத் துளைக்கும் மெல்லிய சத்தம். டாக்டர் திரும்பினார். நானும் திரும்பினேன்.

அண்ணன் திரும்பவில்லை. அந்த அறைக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். அது கத்திக்கொண்டே இருந்தது. அவன் நிமிரவே இல்லை.

பெட்டியில் ஒன்றும் குறையில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அண்ணியிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தயங்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

“உனக்கு இப்பத்தான் தெரியுதா? நான் காலிங் பெல்லையே மாத்திட்டேன். முன்னாடி கிணிங் கிணிங்னு இருந்துச்சு. ஒரு நாள் அவர் உள்ள இருந்துட்டே கதவைத் திறக்கல. அப்புறம்தான் டங் டங்னு அடிக்கிறதா வாங்கி மாட்டினேன். போன் மணியையும் மாத்திட்டேன்.”

“அண்ணன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா கிட்டாரைத் தூக்கிப் பரண்ல போட்டுருவார். அது இல்லாம அந்த மனுஷன் என்ன பண்ணுவார், சொல்லு.”

வெளியே வந்து அந்த பெல்லை நானே ஒரு முறை அமுக்கிப் பார்த்தேன். தடிமனான, பொறுமையான சத்தம். ஊரெல்லாம் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். அவனுக்காக ஒரு வீட்டையே சத்தமில்லாமல் திருத்தி வைத்திருப்பது அண்ணி.

ஏப்ரல் 11, சனி

அண்ணி செய்ததையே நானும் செய்தேன். சர்க்யூட்டில் மேல்ஸ்தாயியைத் தூக்கினேன், நன்றாகவே தூக்கினேன். பெரியவர் கனவில் வந்து அடித்தாலும் சரி. அண்ணனிடம், “ஒரு லூஸ் கனெக்‌ஷன் இருந்துச்சு” என்று பொய் சொன்னேன்.

ஒரு தந்திதான் மீட்டினான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. “இதான். இதான் அவரோட சத்தம்.”

எனக்குக் காது கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஏப்ரல் 18, சனி

அரங்கத்தில் முதல் பாட்டிலேயே முன்வரிசையில் ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது பாட்டில் ஒரு மேஜையே எழுந்து பின்னால் போனது. ஒலிக்காரர் என்னிடம் ஓடி வந்தார். “என்ன கார்பன், தட்டைச் சுரண்டற மாதிரி இருக்கு. பெரியவர் பெட்டியா இது?” அண்ணனின் குழுப் பாடகி மேடையிலேயே திரும்பி அண்ணனை முறைத்தாள். அவன் ஒன்றும் புரியாமல், ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல சத்தம் கேட்கிற சந்தோஷத்தில், சிரித்தபடி வாசித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். அடுத்த வாரத்துக்கு வேறு ஆளைப் பார்க்கப் போவதாகப் பாடகி சொன்னாளாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் — கிளினிக் மெஷின், லூஸ் கனெக்‌ஷன் பொய், எல்லாம். காலிங் பெல்லை மட்டும் சொல்லவில்லை. அது அண்ணி சொல்ல வேண்டியது.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஊரே காதைப் பொத்திட்டு இருக்கறப்ப என்னை மேடையில சிரிக்க வெச்சிருக்கே.”

“நான் வேற என்ன பண்றது? நீதானே அதே சத்தம் வேணும்னே? நூல் பிசகக் கூடாதுன்னே?”

“பெரியவர்கிட்ட நான் போனப்ப என் மணிக்கட்டு உடைஞ்சு கூடின சமயம். அழுத்தி வாசிக்க முடியாது. பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல அந்த மனுஷன். என்னை உக்கார வெச்சு வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டே இருந்தார். மெல்லத் தொட்டாலே பேசற மாதிரி பண்ணிக் கொடுத்தார். அவர் என்னைக் கேட்டுட்டுப் பண்ணினார். நீ அவரைக் கேட்டுட்டுப் பண்றே.”

கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

ஏப்ரல் 20, திங்கள்

அந்த ஒற்றை ரெசிஸ்டர். மணிக்கட்டுக்காக. கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏன் என்று கேட்பது என் வேலை இல்லை என்று எழுதியிருக்கிறேனே — என்ன திமிர் இது. திமிரா, சோம்பலா? எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். பரீட்சையில் அடுத்தவன் பேப்பரைப் பார்த்து எழுதுகிறவன்கூட அவன் பெயரை எழுதமாட்டான். நான் சளியைக்கூட விடவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

அண்ணி போன் செய்தார். கிட்டார் பரணுக்குப் போய்விட்டதாம். சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், பேசுவதில்லை. என்மேல் அண்ணிக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மே 3, ஞாயிறு

சும்மா இருக்க முடியவில்லை. தூக்கிவைத்த மேல்ஸ்தாயியை இறக்கி, பெட்டியைப் பழையபடிக்கே கொண்டுவந்தேன். அரங்கத்துக்கு அதுதான் சரி. அங்கிருப்பவர்களின் காது நன்றாகத்தானே இருக்கிறது.

ஆனால் பெட்டிக்கு ஒரே வாய் என்று யார் சொன்னது? பெரியவரின் சர்க்யூட் முடிகிற இடத்தில் ஒரு வயரைத் தனியே எடுத்தால்? அதற்கென்று இன்னொரு குட்டி ஆம்ப், ஒரு சின்ன ஸ்பீக்கர். மேடையில் அவன் பக்கத்தில், அவன் காதுக்கு மட்டும். அதில் என் இஷ்டத்துக்குத் தூக்கலாம். இல்லை, என் இஷ்டத்துக்கு இல்லை. அவன் காதின் இஷ்டத்துக்கு. அது என்னவென்று எனக்குத் தெரியாதே.

அவன் வந்தால்தான் தெரியும். வரமாட்டான்.

மே 12, செவ்வாய்

வந்தான்!

கையில் மடித்த ஒரு காகிதம். காது டாக்டரிடம் போயிருக்கிறான், அண்ணியோடு. அண்ணி பெல் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். “ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து என்னை நல்லாத்தான் ஏமாத்தியிருக்கீங்க” என்றான். கோபம் மாதிரி இருந்தது, முழுக் கோபம் இல்லை.

காகிதத்தை என் மேஜைமேல் விரித்தான். அவன் காது எந்தச் சத்தத்தை எவ்வளவு கேட்கிறது என்கிற கோடு. காகிதத்தின் இடப்பக்கம், கீழ்ஸ்தாயியில், சமமாகப் போகிறது, நடுவைத் தாண்டியதும் மாடிப்படி இறங்குவதுபோல் விழுகிறது. இரண்டு காதுக்கும் தனித்தனிக் கோடு, இடது காது கொஞ்சம் பரவாயில்லை. இது திரும்பி வராதாம், பார்த்துக்கொண்டால் இன்னும் மோசமாகாமல் வைத்திருக்கலாமாம்.

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

“எங்க விழுதோ அங்க தூக்கு. உனக்குத்தான் படம் பார்த்துப் பண்ணத் தெரியுமே.”

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன். அவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான், எங்கள் வீட்டில் ஆறுதல் என்றால் அவ்வளவுதான்.

மே 24, ஞாயிறு

குட்டிப் பெட்டி பேசிவிட்டது. முதல் பேச்சு கர்ண கொடூரம். பார்த்து எழுத யாருடைய வேலையும் இல்லாமல் ஒன்றைச் செய்து எவ்வளவு காலமாயிற்று? செய்ததே இல்லையோ? ஒவ்வொரு மதிப்புக்கும் இதுவா அதுவா என்று திண்டாடுகிறேன். சத்தம் ஓர் அளவுக்குமேல் போகவே முடியாதபடி கட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் காது டாக்டர். அதையும் வைத்தேன்.

அண்ணன் தினமும் வேலை முடிந்து வந்து உட்கார்கிறான். நான் முதலில் எதையும் தொடுவதில்லை. அவன் வாசிக்கிறான், நான் கேட்கிறேன். வலது கை இன்னும் மெல்லத்தான் மீட்டுகிறது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து இதைக் கவனிக்காமல் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்? பெட்டியைத்தான்.

மே 31, ஞாயிறு

ஈயம் எங்கும் வழியவில்லை. சுத்தமாகப் பற்றவைத்தேன். பசையும் ஊற்றவில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும். பார்த்து என்ன செய்வார்கள்? அது அண்ணனின் காது.

ஜூன் 6, சனி

மறுபடி அரங்கம். பாடகி ஒரே ஒரு வாய்ப்பு என்று சொல்லித்தான் விட்டாள். பெரியவர் பெட்டியின் நகல் கூட்டத்தைப் பார்த்து, என் குட்டிப் பெட்டி அண்ணனின் இடது காதைப் பார்த்து. யாரும் எழுந்து போகவில்லை. மூன்றாவது பாட்டில் பாடகி திரும்பினாள். முறைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவனை இன்னொரு சுற்று வாசிக்கச் சொல்லிக் கையைச் சுழற்றினாள்.

இடைவேளையில் ஒலிக்காரர் குனிந்து குட்டிப் பெட்டியில் காதை வைத்துவிட்டு, சூடுபட்டவர்போல் பின்வாங்கினார். “என்ன கார்பன் இது, ஊசி குத்துது.”

“அது உங்களுக்கு இல்ல” என்றேன்.

வீடு திரும்பும்போது அண்ணனிடம் கேட்டேன், பழைய சத்தம் வந்துவிட்டதா என்று. “இல்ல. பழசு போனது போனதுதான். ஆனா நான் என்ன வாசிக்கறேன்னு எனக்குத் தெரியுது.” அப்புறம் வழியெல்லாம் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். சிக்னலில் பின்னாலிருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். அது அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

ஜூன் 23, செவ்வாய்

புதிதாக ஒருவர் வந்தார். நகைக்கடைக்காரர், கிட்டாரோடு. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெரியவரின் அந்த மாடலேதான் வேண்டுமாம், ஒரு நூல் கூடப் பிசகக் கூடாதாம். செய்யலாம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் வாசிக்கச் சொன்னேன்.

“எதுல? இன்னும் எந்த ஆம்ப்லயும் மாட்டலையே.”

“எதுலயும் வேண்டாம். சும்மா வாசிங்க.”

ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தார். நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.